நாலு விரல் கீழே

போன வாரம் மாஸ்டரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்து, மாடி ஏற்றி, நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பமே ஒருவழியாக மூச்சுவிட்ட இடத்தில் நிறுத்தியிருந்தோம். மூச்சுவிட்டதில் தப்பில்லை. உட்காரவைத்ததுதான் தப்பு.

அன்றிலிருந்து மாஸ்டர் நின்றுகொண்டே இருக்கிறார்.

நின்றால் ஒன்றுமில்லை. படுத்தாலும் ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் வயிறு இரண்டாக மடிகிறது. பையைத் தாங்கி வயிற்றில் ஒட்டியிருக்கும் தகடு அந்த மடிப்புக்குள் சிக்கி, ஓரம் பிரிந்து, உள்ளே இருக்கவேண்டியது வெளியே வந்துவிடுகிறது. ஆகையால் மாஸ்டர் நின்றபடி சாப்பிடுகிறார், நின்றபடி செய்தி பார்க்கிறார், பார்க்க வந்தவர்களை நின்றபடியே 'உட்காருங்க' என்கிறார். நோயாளி நிற்கும்போது நாம் எப்படி உட்காருவது என்று அவர்களும் நிற்கிறார்கள். வீடு பஸ் ஸ்டாப் மாதிரி இருக்கிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மாஸ்டருக்குக் குடலின் கடைசிப் பகுதியில் கட்டி. கட்டியை எடுத்த டாக்டர், மிச்சக் குடலின் நுனியை வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார். இனி கழிவு அந்த வழியாகப் பைக்குள்தான் வரும். கொஞ்ச நாளைக்கு இல்லை, ஆயுசுக்கும். டாக்டர்கள் அதை ஸ்டோமா என்கிறார்கள். மாஸ்டர் காஜா என்கிறார். தையல்காரர்கள் பொத்தான் துளையை அப்படித்தான் சொல்வார்கள். "காஜா எடுத்துட்டாரு, பொத்தான் வைக்க மறந்துட்டாரு" என்று வார்டில் சொல்லிவிட்டு, தையல் இழுக்க இழுக்கச் சிரித்தவர் அவர்.

மாஸ்டர் பேன்ட் மட்டும் தைப்பவர். கீழே கடை, மேலே வீடு. யாராவது சட்டைத் துணியோடு வந்தால், "இடுப்புக்கு மேல எனக்கு வேலை இல்ல" என்று பக்கத்துக் கடையைக் காட்டுவார். ஊரில் உள்ள காவலாளிகள், கண்டக்டர்கள், தலைமை ஆசிரியர்கள் எல்லோருடைய தொப்பையும் அவர் கையில்தான் அடங்கியிருக்கிறது. "தொப்பையைக் குறைக்கறது டாக்டர் வேலை. இல்லைன்னு சொல்ல வைக்கறது என் வேலை" என்பார்.

மகன் நில அளவைத் துறையில் இருக்கிறான். தெருவில் அவனுக்குப் பெயர் சர்வேயர். ஒருவர் ஆளை அளப்பவர், இன்னொருவர் நிலத்தை அளப்பவர். ஒருவர் டேப்பை மற்றவர் நம்பியதாகச் சரித்திரமே இல்லை.

இனி, இன்றைய காலை.

"நான் உட்காரல" என்றார் மாஸ்டர், நாற்காலியில் இருந்தபடியே.

"சரி" என்றான் சர்வேயர்.

"பேப்பர் எடுக்கக் குனிஞ்சேன். நாற்காலி பின்னாலயே வந்துடுச்சு."

"சரிப்பா. மெதுவா எழுந்திருங்க."

அம்மா வெந்நீரும் பழைய துண்டும் குப்பைக் கவருமாக அதற்குள் வந்து நின்றாள். இந்த வீட்டில் இப்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வாசனை வந்தால் எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விடுகிறார்கள், நாடகக் குழு மாதிரி.

புதுத் தகட்டில் துளை வெட்டும் வேலையை மட்டும் மாஸ்டர் விட்டுக்கொடுப்பதில்லை. காஜாவைவிட ஒரு நூல் பெரிதாக, ஒரே சுற்றில், பிசிர் இல்லாமல் வெட்டுவார். வெட்டியதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, அவரே திருப்தியாகத் தலையாட்டிக்கொள்வார். வெட்டு எப்போதும் பிரமாதம். ஒட்டும் இடம்தான் சரியில்லை.

காஜாவைச் சுற்றித் தோல் வெந்துபோன மாதிரி இருந்தது. காஜாவும் சிவப்புதான், ஆனால் அது உதட்டின் உட்புறம் போல ஈரமாக, பளபளவென்று, நல்ல ஆரோக்கியமாக இருந்தது. அதற்கு வலி என்பதே கிடையாதாம். வலியெல்லாம் சுற்றியிருக்கும் தோலுக்குத்தான். குடும்பத்தில் சில பேர் அப்படி இருப்பார்கள்.

"எரியுதாப்பா?"

"சேச்சே" என்றார் மாஸ்டர். அவருடைய கால் விரல்கள் பத்தும் உள்ளே மடங்கியிருந்தன.

சர்வேயர் அந்த விரல்களைப் பார்த்தான். பிறகு வேறு எங்கேயாவது பார்க்கலாம் என்று சுவரைப் பார்த்தான்.

விஷயம் இதுதான்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மத்தியானம் ஸ்டோமா சிஸ்டர் வந்து, துளை எங்கே வரவேண்டும் என்று மாஸ்டரின் வயிற்றில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அதன்மேல் கண்ணாடி போன்ற ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். சர்வேயர் அப்போது ஆபீசில் இருந்தான். மறுநாள் காலையில், மருந்து சோப்பு போட்டு மாஸ்டரைக் குளிக்க வைக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. புள்ளியை அவன் முதன்முதலாகப் பார்த்தது அந்தக் குளியலறையில்தான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக்கர் ஒரு பக்கம் வாயைப் பிளந்தது. நுரை உள்ளே போனது. புள்ளி கரைந்தது.

துடைத்துப் பார்த்தால் ஏதோ பழைய மச்சம் மாதிரி மங்கலாக ஒரு தடம். வெளியே ஸ்டிரெச்சரோடு ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டார். புள்ளி போய்விட்டது என்று சொன்னால் ஆபரேஷனையே தள்ளிவைத்துவிடுவார்களோ என்று பயம். சட்டைப் பையில் ஆபீஸ் பேனா இருந்தது. எல்லைக்கல்லில் எண் எழுதுகிற, மழைக்கும் அழியாத பேனா. அந்த மங்கலின் மேல் அவனே ஒரு புள்ளி வைத்துவிட்டான்.

எல்லைக்கல்லை நகர்த்தியவர்களுக்கு நோட்டீஸ் எழுதுவதுதான் அவனுக்குத் தினப்படி வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்த பரிசோதனையில் வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, "இந்த மடிப்புல யாரு மார்க் பண்ணாங்க?" என்று முகத்தைச் சுளித்தார். உடன் இருந்தது மகள். சர்வேயருக்கு அக்கா. ஃபிரிட்ஜ் கம்பெனி ஒன்றில் புகார்களை வாங்கும் பிரிவில் இருப்பவள். எப்படி எழுதினால் புகார் குப்பைக்குப் போகும், எப்படி எழுதினால் போகாது என்பது அவளுக்கு அத்துப்படி. குப்பையில் போடுகிறவளே அவள்தான். போகாத மாதிரி ஒன்றை ஆஸ்பத்திரிக்கு எழுதி, அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

பையை ஒட்டி முடித்துக் கை கழுவும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"டேய், அந்த சிஸ்டர் இன்னைக்கு நம்ம வீட்டுக்கு வர்றாங்களாம்."

"எதுக்குக்கா?"

"கெஞ்சறதுக்கா இருக்கும். நாளைக்குக் காலையில விசாரணை இருக்குல்ல. நீ டீ குடு, பிஸ்கட் குடு, வாக்கு மட்டும் குடுக்காத."

"அக்கா, ஒருவேளை அவங்க மேல தப்பு இல்லைன்னா?"

"பின்ன? புள்ளி தானா எழுந்து நடந்து போச்சா?"

சர்வேயர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"அப்பாவே கையெழுத்துப் போட்டுக் குடுத்த புகார்டா. நீ குட்டையைக் குழப்பாம இரு. சாயங்காலம் வரேன்" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் சிஸ்டர் வந்தார். கெஞ்ச வந்தவர் மாதிரி தெரியவில்லை. செருப்பைக் கழற்றினார், கையைக் கழுவினார், "எங்க என் மாஸ்டர்?" என்று கேட்டபடி உள்ளே வந்தார். ஆபரேஷன் முடிந்த நாட்களில் அவர் விடுப்பில் இருந்ததால், பை மாற்றச் சொல்லிக்கொடுத்தது வேறொரு நர்ஸ். ஆக, காஜாவை அவர் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப்போகிறார்.

"உட்காருங்க ஐயா."

"உட்கார்ந்தா சிஸ்டர்..."

"தெரியும். கசிஞ்சா துடைக்கப்போறது நான்தானே? உட்காருங்க."

மாஸ்டர் உட்கார்ந்தார். சிஸ்டர் எதிரே முட்டி போட்டுப் பார்த்தார். தகட்டை மெல்ல உரித்துவிட்டு மறுபடி பார்த்தார். வயிற்று மடிப்பு காஜாவை முக்கால்வாசி விழுங்கியிருந்தது. தன் கையைப் பக்கவாட்டில் வைத்து, காஜாவிலிருந்து மேல்நோக்கி விரல்களை அடுக்கினார். நாலு விரல்.

"நான் இங்க வைக்கல" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. வண்டிச் சாவியை வைத்த இடத்தில் காணோமே என்பது போல் சொன்னார்.

"ஒருத்தரையும் நான் நிக்க வெச்சு மட்டும் மார்க் போடறதில்ல. உட்கார வைப்பேன், குனிய வைப்பேன், படுக்க வைப்பேன். மடிப்பு எங்க விழுதுன்னு பார்த்துட்டு, அவங்க கண்ணுக்குத் தெரியற இடமா பார்த்துத்தான் போடுவேன். உங்களுக்குத் தொப்புளுக்கு மேல போட்டேன். இவ்வளவு மேலயான்னு நீங்ககூட கேட்டீங்க. ஞாபகம் இருக்காய்யா?"

மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. இருந்தாலும் பார்த்தார்.

"மருந்து மயக்கம் சிஸ்டர். ஒண்ணும் ஞாபகம் இல்ல."

அம்மா டீ கொண்டுவந்தாள். தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே வந்தன.

"புகார் குடுத்ததுல எனக்குக் கோபம் இல்ல" என்றார் சிஸ்டர், வெந்த தோலில் பவுடரைத் தூவியபடி. "உங்க இடத்துல நான் இருந்தாலும் குடுப்பேன். ஆனா விசாரணை முடியற வரைக்கும் மார்க் போடற வேலையை என்கிட்டேருந்து எடுத்துட்டாங்க. புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா. நல்ல பொண்ணுதான். இதுவரைக்கும் ஒரு வயித்துலயும் போட்டதில்ல. நாளைக்கு மத்தியானம் ஒருத்தருக்கு மார்க் போடணும். ஸ்கூல் பஸ் டிரைவர். நாள் பூரா உட்கார்ந்தே இருக்கறவர்."

யாரும் டீயைத் தொடவில்லை.

சர்வேயருக்கு எல்லாம் கண்முன் வந்தது. முன்பின் பார்த்திராத ஒரு பஸ் டிரைவர், இரண்டாகக் கிழிந்த ஒரு பை, பின்னால் ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மூக்கைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள்.

"சிஸ்டர், நான்தான்" என்றான்.

"என்ன நீங்கதான்?"

"புள்ளி. குளிக்க வைக்கும்போது அழிஞ்சிடுச்சு. நான்தான் திரும்ப வெச்சேன். யார்கிட்டயும் சொல்லல."

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான். திட்டுவார் என்று எதிர்பார்த்தான். 'சர்வேயர் ஐயா, உன் டேப்பைக் கொண்டுபோய்க் கிணத்துல போடு' என்ற அளவுக்காவது.

அந்தக் கூடத்தில் பதில் சொன்னது காஜா மட்டும்தான். நீளமாக, ஒரு பழைய கதவு திறப்பது போல. வேறொரு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

சிஸ்டர் சர்வேயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமா அழிஞ்சிடுச்சா?"

"இல்ல. மங்கலா தெரிஞ்சுது. அது மேலேயேதான் வெச்சேன்."

"அது மேலேயேவா?"

"சத்தியமா சிஸ்டர்."

"அப்போ இவ்வளவு தள்ளி வராதே." சிஸ்டர் நெற்றியைச் சுருக்கினார். "அதோட, என் ஸ்டிக்கருக்குள்ள தண்ணி போகாது. ஒரு தடவை பிரிச்சு, திரும்ப ஒட்டினாத்தான் ஓரம் தூக்கும்."

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டீக்கோப்பையிடம் சொன்னார். மாஸ்டர் மறுபடி மின்விசிறிக்குப் போனார். அம்மா, டீ ஆறிவிட்டது என்று சமையலறைக்குப் போனாள். தட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

பிறகு சிஸ்டர் தன் வேலையைப் பார்த்தார். பள்ளத்தில் களிம்பை நிரப்பி, உள்பக்கம் குமிழாகப் புடைத்த வேறு வகைத் தகடு ஒன்றை ஒட்டி, உள்ளங்கையை அதன்மேல் வைத்து அது சூடாகும் வரை பொறுமையாக இருந்தார். சுற்றி ஒரு நாடா கட்டினார்.

"இது பிடிச்சுக்கிட்டா நல்லது. இல்லைன்னா இடத்தை மாத்த இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும். பெல்ட் பேன்ட் இனிமே வேண்டாம், நேரா ஸ்டோமா மேல அழுத்தும். நெஞ்சுக்குக் கீழ வரைக்கும் ஏத்திப் போடற மாதிரி, தோள்ல பட்டை வெச்சுத் தெச்சுக்கங்க. உட்கார்ந்த அளவும் எடுத்துத் தைங்க."

நெஞ்சு வரைக்கும் பேன்ட் போட்டு வருகிறவர்களைத் தெருமுனை திரும்பும்வரை பார்த்துச் சிரித்த மனிதர் மாஸ்டர். இப்போது தலையை மட்டும் ஆட்டினார்.

வாசலில் சிஸ்டர் சர்வேயரிடம் கேட்டார்: "நாளைக்கு விசாரணையில வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன் சிஸ்டர்."

"சரி" என்றார். படி இறங்கப்போனவர் நின்றார். "அப்பாவை நல்லா பார்த்துக்கங்க. அவருக்கு வயிறு மட்டும் எரியல."

சாயங்காலம், கடையாட்கள் போன பிறகு, மாஸ்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ஆபரேஷனுக்குப் பிறகு கடைக்குள் அவர் வருவது இதுதான் முதல் தடவை. வெட்டு மேஜையைத் தடவிப் பார்த்தார். கம்பியில் தொங்கிய காவலாளி பேன்ட் ஒன்றின் தையலைத் திருப்பிப் பார்த்து, "யார்றா இது, தூக்கத்துல தெச்சானா?" என்றார். கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

"டேப்பை எடு" என்றார் மகனிடம். "என் டேப்பை. உன்னுதுல நிலத்தைத்தான் அளக்கலாம்."

சர்வேயர் எடுத்தான்.

"எங்கேருந்துப்பா எடுக்கணும்?"

மாஸ்டர் கண்ணாடிக்கு எதிரே நேராக நின்று, பழக்கத்தில் மூச்சை உள்ளே இழுத்தார். தொப்பை இல்லையென்று ஆனது. வாடிக்கையாளர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் இப்படித்தான் நிற்பார்கள். அவரும் எதுவும் கவனிக்காதவர் மாதிரி அளவெடுப்பார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மூச்சை விட்டார். எல்லாம் பழையபடி கீழே வந்தது.

மேஜையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்து, தன் சட்டையின் மேலேயே, தொப்புளுக்கு மேல் இடது பக்கமாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இங்கேருந்து எடு. இதுக்கு மேல ஏறணும் பேன்ட். சிஸ்டர் வெச்ச புள்ளி இது."

சர்வேயர் டேப்பை வைத்தான். கை நின்றது.

"மயக்கத்துல ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்க."

மாஸ்டர் கண்ணாடியில் தெரிந்த மகனைப் பார்த்தார். நேரே திரும்பவில்லை.

"அன்னைக்கு சாயங்காலம் உங்கம்மா வந்திருந்தா. பர்ஸ்ல சின்னக் கண்ணாடி வெச்சிருப்பால்ல. பிடின்னு சொன்னேன். கட்டில் பக்கத்துல நின்னு பார்த்தேன். பேன்ட் லைனுக்கு நாலு விரல் மேல நிக்குது புள்ளி. சட்டைக்குள்ள பை துருத்திக்கிட்டு ஊருக்கே தெரியும். எத்தனை பேர் வயித்தை மறைச்சு அனுப்பியிருக்கேன், என் வயித்துல ஒரு பையை மறைக்கத் தெரியாதான்னு தோணுச்சு. கட்டில் கால்மாட்டுல கைக்குத் தடவற மருந்து மாட்டி வெச்சிருந்தாங்க. ஸ்டிக்கரைப் பிரிச்சேன், அந்த மருந்தைத் தொட்டு அழிச்சேன். உங்கம்மா பேனாவை வாங்கி, சரியா பேன்ட் லைன்ல வெச்சேன். திரும்ப ஸ்டிக்கரை ஒட்டினேன்."

"ஓரம் ஒட்டல" என்றான் சர்வேயர்.

"ஓரம் ஒட்டல."

சர்வேயருக்கு முதலில் வந்தது நிம்மதி. தான் வைத்த புள்ளி நூல் பிசகாமல் இருந்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒருவன் எழுந்து கைகூடத் தட்டினான். அப்பாவின் வெந்த வயிற்றுக்கு எதிரே நின்றுகொண்டு இது என்ன பிழைப்பு என்று அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"மத்தியானம் நான் ஒத்துக்கிட்டப்போ ஏன்ப்பா பேசாம இருந்தீங்க?"

மாஸ்டர் சாக்பீஸை விரல்களுக்கிடையில் உருட்டினார்.

"நீ சொன்னதும், ஒரு நிமிஷம், அப்பாடான்னு இருந்துச்சுடா."

வேறு ஏதாவது சொல்லியிருந்தால் சர்வேயர் சண்டை போட்டிருப்பான். இப்போது டேப்பைச் சுருட்டினான்.

"கண்ணாடி பிடிச்சது நான்" என்றது ஒரு குரல்.

அம்மா படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றிருந்தாள். டீ கொண்டுவந்திருந்தாள். இந்த வீட்டில் அவளுக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் டீ வரும். ஒரு வாரமாக எல்லோரும் தூக்கமில்லாமல் கிடப்பதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

"பிடிச்சதோட நிக்கல. 'இன்னும் கொஞ்சம் கீழ'ன்னு சொன்னதும் நான்தான். சுவத்துல படம் மாட்டற மாதிரி சொன்னேன். அன்னையிலேருந்து தலை வாரக்கூட அந்தக் கண்ணாடியை எடுக்கறதில்ல."

"அதான் உன் தலை இப்படி இருக்கா?" என்றார் மாஸ்டர்.

"உங்க வயித்துக்கு என் தலை தேவலை."

ஒரே புள்ளியை மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறார்கள். சிரிக்கலாம் போல இருந்தது. ஆனால் நடுவில் ஒரு சிஸ்டர் இருந்தார். நாளை மத்தியானம் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மகள் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"முடிஞ்சுதுப்பா. நாளைக்கு விசாரணை சும்மா பேருக்குத்தான். அந்த சிஸ்டரை வேற வார்டுக்கு மாத்தறதா முடிவே பண்ணிட்டாங்களாம். நாளைக்குக் காலையில ஆர்டர். இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து பேசினாங்க."

பாராட்டுக்காகக் காத்திருந்தாள். ஃபிரிட்ஜ் கம்பெனியில் அவளை யாரும் பாராட்டுவதில்லை. இங்கேயும் யாரும் பாராட்டவில்லை.

"ஏன் எல்லாரும் நிக்கறீங்க?"

மாஸ்டர் மேஜைக்கு அடியிலிருந்து வெட்டு ஸ்டூலைக் காலால் இழுத்தார்.

"உட்காராதீங்க" என்றாள் அம்மா.

மாஸ்டர் உட்கார்ந்தார்.

மூன்று பேரும் அவருடைய வயிற்றைப் பார்த்தார்கள். வயிறு மடிந்தது. சட்டையில் போட்ட சாக்பீஸ் குறி மட்டும் மடிப்புக்கு மேலே, பத்திரமாக, அப்படியே நின்றது. துணியில் ஈரம் எதுவும் தெரியவில்லை.

"இங்க பாரும்மா" என்றார் மாஸ்டர், அந்தக் குறியைத் தொட்டுக் காட்டி. "சிஸ்டர் என்னை உட்கார வெச்சு இங்க மார்க் பண்ணாங்க. நான் நின்னுக்கிட்டுப் பார்த்து அதை அழிச்சுட்டுக் கீழ வெச்சேன். அவங்க மேல தப்பில்ல. இவன் மேலயும் இல்ல."

மகள் சிரிக்கப்போனாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, நாளைக்கு ஆர்டர் போடப்போறாங்க" என்றாள் மெதுவாக. "அந்தப் புகார்ல கையெழுத்து உங்களுது."

"தெரியும். அதையும் நின்னுக்கிட்டேதான் போட்டேன்."

அவள் ஹெல்மெட்டை மேஜையில் வைத்தாள். அது உருண்டு துணிக்கட்டில் முட்டி நின்றது. எழுதும்போது எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள் என்பது அவளுக்கு இப்போது ஒவ்வொரு வரியாக ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அந்த சிஸ்டர் நம்பரைப் போட்டுக் குடு" என்றார் மாஸ்டர்.

சர்வேயர் போட்டுக் கொடுத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைக்குள் நான்கு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஒரு கையால் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்திருந்தார். எழுந்துவிடத்தான் தோன்றியது. எழவில்லை.

மறுமுனையில் போனை எடுத்தார்கள். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

"சொல்லுங்கய்யா" என்றார் சிஸ்டர். "கசியுதா?"

மாஸ்டர் சட்டையைத் தூக்கி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கசியல சிஸ்டர்" என்றார். "வேற விஷயம்."